சண்டை வராது என்று நான் சொன்ன கிழமை

புதிதாக மைக்குக்கு முன்னால் வந்து இருக்கிற தம்பி, தங்கச்சிமாருக்கு,

எங்கள் வானொலியில் செய்தி பார்க்கிற ஜனனி கேட்டாள், "அக்கா, தேர்தல் காலம் வருது. புதுப் பிள்ளையள் சேர்ந்திருக்கினம். அவையளுக்கு நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்று. ஒலி மிக்ஸரில் எந்தப் பொத்தான் எதற்கு என்பதை அவள் உங்களுக்குக் காட்டித் தருவாள். எனக்கு அது இத்தனை வருடமாகியும் சரியாகத் தெரியாது. நான் எழுதக்கூடியது வேறு விஷயம். ஒரு நாட்டுத் தலைவரைப் பற்றி நாங்கள் வாயைத் திறந்தால் அந்தச் சொல் எங்கே போய் விழும் என்பது. அதிலும் நான் வாயைத் திறந்து மாட்டுப்பட்ட ஒரு கிழமையின் கதை.

முதலில் என்னைப் பற்றி. நான் ஊடகம் படித்தவள் இல்லை. ஜெர்மனிக்கு வந்து, இந்த ஆஹென் நகரில் ஒரு மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்தவள். பெரிய பெரிய மெஷின்களின் இரைச்சலுக்கு மேலால் கதைத்துப் பழகினதால் குரல் கொஞ்சம் பெரிது. அதைக் கேட்டுத்தான் எங்கள் வானொலிப் பொறுப்பாளர் அண்ணை ஒரு கலியாண வீட்டில் என்னைப் பிடித்தார். "அக்காவுக்கு மைக்கே தேவையில்லை, ஆனாலும் வாங்கோ" என்றார். போனேன். தமிழ்க் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, சுவரில் சத்தம் எதிரொலிக்காமல் இருக்கக் கம்பளிப் போர்வைகள், கீழே இருந்து ஏறி வரும் மிளகாய்த்தூள் வாசம். அரசியல் நேர்காணல் நடுவில் தும்மாத விருந்தாளியை நான் கண்டதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, ஆக்கள் சொல்கிறதைக் காது கொடுத்துக் கேட்கிறது. நல்லதாக யாராவது ஒன்று சொன்னால் கொப்பியில் எழுதி வைத்துவிடுவேன். ஒருமுறை ஒரு நேயர் ஒரு வேட்பாளரைப் பற்றிச் சொன்னார், "இந்த மனிசன் பஸ் ஓட்டினா நான் நடந்துதான் போவன் அக்கா." அரசியல் ஆய்வாளர் ஒருவர் அரை மணித்தியாலம் சொல்லியும் விளங்காதது எனக்கு அதில் விளங்கியது.

அந்த வருடம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல். எங்கள் நேயர்களில் அநேகமாக ஒருவருக்கும் அங்கே வாக்கில்லை. அது ஒருவரையும் தடுக்கவில்லை. ஒரு சண்டையில் இருந்து ஓடி வந்த சனம் நாங்கள். எந்த நாட்டுத் தலைவரின் வாயில் போர் என்ற சொல் வந்தாலும் எங்கள் காது நிமிர்ந்துவிடும். ஆனால் போர்க் கொள்கை, வெளிநாட்டுக் கொள்கை என்று தலைப்புப் போட்டால் ஆக்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்கள். அதனால் நான் ஒரு யோசனை கண்டுபிடித்தேன். சனிக்கிழமை பின்னேரம் "சம்பந்தம் பேசுவோம்" என்று ஒரு பகுதி. இரண்டு வேட்பாளர்களும் மாப்பிள்ளைமார். நேயர்கள் பெண் வீட்டார். குணம் எப்படி, கோபம் வருமோ, கூடப் பிறந்தவர்களோடு எப்படி, பெரியவர்களுக்கு மரியாதை உண்டோ என்று விசாரிக்க வேண்டும். கடைசியில் பெண் கொடுப்போமா மாட்டோமா என்று நான் தீர்ப்புச் சொல்வேன்.

பெயர்கள் வேண்டாம். ஒருவரைக் கோபக்காரர் என்று வைப்போம். மேடையில் மேசையைத் தட்டுவார், கேள்வி கேட்டவரைத் திட்டுவார், மூன்று நாளுக்கு முன் சொன்னதையே நான் சொல்லவில்லை என்பார். மற்றவர் சாந்தக்காரர். மெல்லிய குரல், எப்போதும் ஒரு சிரிப்பு, எதிராளி கத்தினாலும் தண்ணீர் குடித்துவிட்டுப் பதில் சொல்வார்.

எங்கள் சனம் பிய்த்து உதறியது. "கோபக்காரர் எங்கட வீட்டுக்கு வந்தா நான் நல்ல கோப்பையளை ஒளிச்சு வைப்பன்" என்றார் ஒரு அக்கா. சாந்தக்காரரின் சிரிப்பைப் பற்றி இன்னொருவர், "பல் வைத்தியரிட்ட வேலைக்கு நிக்கிற பெட்டை சிரிக்கிற மாதிரி இருக்கு. நோகப்போகுது எண்டு அர்த்தம்" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கொப்பியிலும் எழுதினேன். அதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் மாட்டுப்பட்ட அந்தச் சனிக்கிழமை, தீர்ப்புச் சொல்லும் நேரம். "கோபக்காரருக்குப் பெண் இல்லை. சாந்தக்காரருக்குக் குடுக்கலாம்" என்று சொல்லி முடிக்கிறேன், ஒரு அழைப்பு.

"அக்கா, நான் வதனா கதைக்கிறன். ஒரு கேள்விதான். இந்தச் சாந்தமான மனிசன் வந்தால் சண்டை ஒண்டும் வராது, என்ன?"

வதனாவை எனக்குத் தெரியும். பேக்கரியில் காலை வேலைக்குப் போகிறவள். பல வருட நேயர். கேள்வி கேட்டுப் பழக்கமில்லை, பாட்டுத்தான் கேட்பாள்.

"வராது வதனா," என்றேன். "இவ்வளவு ஆறுதலான மனிசன் என்னத்துக்குச் சண்டைக்குப் போறார்? சண்டை வராது. நான் எழுதித் தாறன்."

"எழுதித் தருவீங்களோ?"

"முத்திரை ஒட்டித் தாறன்."

எல்லோரும் சிரித்தார்கள். பாட்டுப் போட்டோம். வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய்க்கிழமை நான் ஒரு பதிவுக்காகக் கலையகத்தில் இருக்கிறேன். வதனா படியேறி வருகிறாள், கையில் ஒரு பெரிய தட்டு. இறைச்சி றோல்ஸ். சுடச் சுட. முகம் முழுக்கச் சிரிப்பு.

"என்ன வதனா, ஆருக்குப் பிறந்தநாள்?"

"உங்களுக்குத்தான் அக்கா. நீங்கள் சொன்னதால எனக்கு மூண்டு மாதத்துக்குப் பிறகு நித்திரை வந்தது."

பிறகு சொன்னாள். அவளுக்கு ஒரு மகன், கெவின். புருஷன் பிரிந்து அமெரிக்காவுக்குப் போனபோது பத்து வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை அங்கேயே வளர்ந்து, அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, லொறி திருத்துகிற வேலை பழகினான். போன வருடம் அவனை ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இங்கேயிருந்து இரண்டரை மணித்தியாலம் தள்ளியிருக்கிற அமெரிக்க முகாமுக்கு. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் தாயிடம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான். இப்போது ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் நாலு வருடத்துக்குக் கையெழுத்து வைத்தால் இந்த முகாமிலேயே இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகள் தொடரும். ஆனால் சண்டை ஒன்று வந்தால் முதலில் ஏற்றி அனுப்பப்படுவது அந்த முகாம்காரர்கள்தான். கையெழுத்து வைக்காவிட்டால் அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அவன் என்னட்டக் கேட்டவன் அக்கா, அம்மா, வைக்கவோ விடவோ எண்டு. மூண்டு மாதமா எனக்குத் தெரியாது, தெரியாது எண்டு சொல்லிக்கொண்டிருந்தனான். ஞாயிற்றுக்கிழமை ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ரேடியோவில அக்கா சொன்னவ, சண்டை வராது எண்டு. வெள்ளிக்கிழமை காலமை கையெழுத்து வைக்கிறான்."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது. ஆனால் அவள் என் கையில் றோல்ஸ் ஒன்றைத் திணித்துவிட்டாள். வாய் நிறைய ஒருவரின் றோல்ஸை வைத்துக்கொண்டு அவரின் நித்திரையைக் குழப்புகிற மாதிரி ஒன்றைச் சொல்வது லேசான காரியம் இல்லை. "நல்லது, நல்லது" என்று தலையாட்டினேன். இரண்டாவது றோல்ஸையும் சாப்பிட்டேன். அவள் சந்தோஷமாகப் படியிறங்கிப் போனாள்.

ஜனனி மூலையில் செய்தி தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்தவள், பகலில் காப்புறுதி அலுவலகத்தில் வேலை, எங்களுக்குச் செய்தி ஆசிரியர். கையை விசைப்பலகையில் இருந்து எடுக்காமலே கேட்டாள்.

"அக்கா, நான் மூண்டு கிழமைக்கு முதல் தந்த ஃபைல் எங்க?"

"எது?"

"உங்கட தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழ இருக்கு. ரெண்டு பேரும் போரைப் பற்றிச் சொன்னது, செய்தது எல்லாம் அதிலதான் எழுதினனான்."

கோப்பையைத் தூக்கினேன். முதல் பக்கத்தில் வட்டம் வட்டமாகத் தேத்தண்ணீர் அடையாளம்.

"நீங்கள் சாந்தக்காரற்ற குரலைக் கேட்டிருக்கிறீங்கள் அக்கா," என்றாள். "அவர் சொன்னதைக் கேக்கேல்லை."

என்னை விட இருபத்தைந்து வயது இளையவள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன்.

இரண்டு பேரும் இருந்து வாசித்தோம். கோபக்காரர் ஒரு கூட்டத்தில் எங்கள் படைகள் எல்லாம் வீட்டுக்கு வரும் என்கிறார், அடுத்த கூட்டத்தில் தன்னை அவமதித்த ஒரு நாட்டைத் தரைமட்டமாக்குவேன் என்கிறார். என்ன செய்வார் என்று அவருக்கே தெரியாது. அது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். சாந்தக்காரரின் பக்கத்தைத் திருப்பியபோதுதான் எனக்குத் தண்ணீர் விடாய்த்தது. அந்த மனிதர் அமெரிக்க நாடாளுமன்ற அவையில் இருந்த காலத்தில் போருக்கு வாக்கெடுப்பு வந்த ஒவ்வொரு முறையும் கையை உயர்த்தியிருக்கிறார். ஒரு முறை கூட ஏன் என்று விளக்கம் சொல்லவில்லை. குண்டு விழுந்து சனம் செத்ததைப் பற்றிக் கேட்டபோது "வருந்தத்தக்கது" என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் மழை வந்து விளையாட்டுப் போட்டி நின்றதற்குச் சொல்கிற மாதிரி. இன்னும் ஒரு நாட்டுக்குப் படை அனுப்புவதை யோசிப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அதே மெல்லிய குரலில். தண்ணீர் குடித்துவிட்டு.

நான் இந்த ஆளுக்குத்தான் முத்திரை ஒட்டிக் கொடுத்தது.

புதன்கிழமை வதனாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன், நான் வாசிக்காமல் சொல்லிவிட்டேன், சண்டை வரும் வராது என்று எனக்குத் தெரியாது என்று. மறுமுனையில் அவள் பேக்கரி மெஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றாள். "சனிக்கிழமை உலகத்துக்கே கேக்கிற மாதிரிச் சொன்னீங்கள். இப்ப எனக்கு மட்டும் காதுக்குள்ள சொல்லுறீங்கள். நான் எதை நம்ப?"

"இதை நம்பு."

"நான் நம்பினாலும் அவன் நம்பமாட்டான். அம்மா திரும்பப் பயந்துபோட்டா எண்டுதான் நினைப்பான். அவனும் இப்ப ஃபோனில உங்கட ரேடியோ கேக்கிறவன். அங்க சொன்னதை அங்கயே மாத்துங்கோ."

சனிக்கிழமை வரை காத்திருக்க ஏலாது. வெள்ளி காலை கையெழுத்து. மிஞ்சியிருந்தது வியாழன் பின்னேரம். வியாழன் பின்னேரம் எங்கள் வானொலியில் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பிறந்தநாள் வாழ்த்து. ஜெர்மனி, பெல்ஜியம், ஒல்லாந்து முழுக்க உள்ள அப்பாமார், மாமாமார், சித்திமார் எல்லோரின் பெயரையும் வரிசையாக வாசித்து ஒரு பாட்டுப் போடுகிற நேரம்.

பொறுப்பாளர் அண்ணையிடம் போனேன். அவர் கதிரையில் இருந்து எழும்பிவிட்டார்.

"பிறந்தநாள் வாழ்த்தை நிப்பாட்டுறதோ? அக்கா, நீங்கள் அமெரிக்காவை என்னவும் சொல்லுங்கோ, நான் சமாளிப்பன். ஒரு சித்தப்பான்ர பெயரை விட்டுப்போட்டு இந்த ஊரில நான் கடைக்குப் போக ஏலாது."

"வாழ்த்தை வெள்ளிக்கிழமையும் சொல்லலாம் அண்ணை. வெள்ளிக்கிழமை வைச்ச கையெழுத்தை நாலு வருஷத்துக்கு அழிக்க ஏலாது."

அவர் நெற்றியைத் தடவினார். "அரை மணித்தியாலம். அதுக்கு மேல ஒரு பாட்டுக்கூட இல்லை."

வியாழன் பின்னேரம் மைக்கைத் திறந்தேன். வழக்கமான பகிடி ஒன்றோடு தொடங்கலாமா என்று வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். சொன்னேன்: "போன சனிக்கிழமை இந்த மைக்கில், சாந்தமான வேட்பாளர் வந்தால் சண்டை வராது எண்டு சொன்னனான். அதை நான் ஒரு தாளும் வாசிக்காமச் சொன்னனான். அது பிழை. திருப்பி எடுக்கிறன்." பிறகு இரண்டு பேரின் பக்கத்தையும் வாசித்தேன். கோபக்காரரிடம் ஒரு நாட்டின் படையை ஒப்படைக்கிறது, தன் கோபத்தையே பிடித்து வைத்திருக்கத் தெரியாதவரிடம் ஊர்ப் பிள்ளைகளை ஒப்படைக்கிற மாதிரி என்றேன். சாந்தக்காரரின் சாந்தம் தனக்குள்தான் இருக்கிறது, அது அவர் கையை உயர்த்திய ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றேன். இரண்டு பேருக்கும் பெண் இல்லை என்றேன். இனி இந்த மைக்கில் மாப்பிள்ளை பார்க்கிறதும் இல்லை என்றேன்.

தொலைபேசி லைன்களின் விளக்குகள் எல்லாம் எரியத் தொடங்கின. முதல் ஆள், "அக்கா, நீங்கள் கோபக்காரற்ற ஆளோ?" அடுத்த ஆள், "அக்கா, நீங்கள் சாந்தக்காரற்ற ஆளோ?" மூன்றாவது ஒரு தகப்பன். "ரெண்டு பேரையும் விடுங்கோ. என்ர மகளுக்கு இண்டைக்கு ஆறு வயசு. கேக்கையும் வெட்டாமல் ரேடியோவுக்கு முன்னால நிக்கிறாள்." பெயரைக் கேட்டு, போர்க் கொள்கைக்கு நடுவில் வாழ்த்துச் சொன்னேன். அந்தப் பிள்ளை "நன்றி" என்று சொன்னது நேரடியாகவே போனது.

பிறகு ஒரு வயதான குரல். இதுவரை எடுத்ததில்லை என்றார். "பிள்ளை, எங்கட வீட்டுக்கு மேல ஷெல் விழுந்தது. அதை அடிக்கச் சொன்னவன் கோபத்தில சொன்னவனோ, ஆறுதலாச் சொன்னவனோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. கூரையில ஓட்டை ஓட்டைதான்." வைத்துவிட்டார். அதை அப்படியே கொப்பியில் எழுதினேன்.

கடைசியில் ஜனனி இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடிக்கு அப்பால் இருந்து இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டாம் லைன்.

"ஹலோ அன்ரி. நான் கெவின். வதனாவின்ர சன்."

பத்து வயதில் நின்றுபோன தமிழ். குரல் மட்டும் பெரிய ஆளின் குரல்.

"சொல்லுங்கோ தம்பி."

"அப்ப நான் நாளைக்கு சைன் பண்ணவோ, வேண்டாமோ?"

என் வாய் திறந்துவிட்டது, பிள்ளைகளே. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். அத்தனை நடந்த பிறகும், "வேண்டாம் ராசா" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆக்கள் உங்களைக் கேட்டால் பதில் சொல்லத்தான் வரும். அது எங்கள் தொழிலின் வியாதி. ஜனனி கண்ணாடிக்கு அப்பால் அசையாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, எனக்குத் தெரியாது," என்றேன். "ஆர் வந்தாலும் சண்டை வராது எண்டு ஒருத்தராலையும் சொல்ல ஏலாது. சொன்னால் நம்பாதேங்கோ. நான் சொன்னாலும்."

அவன் சொன்னான், "அன்ரி, சண்டைக்காக நான் கேக்கேல்லை. அம்மா கேம்பில இரு எண்டுதான் சொன்னவ. என்ர வீட்டில வந்து இரு எண்டு ஒருநாளும் சொல்லேல்லை. நான் ஜெர்மனியில பிறந்தனான். எனக்கு ஜெர்மன் பாஸ்போர்ட்டும் இருக்கு. ஒரு லொறி கராஜிலயும் கேட்டனான், ஆள் தேவை எண்டவை. அவ சொன்னால் நான் சைன் பண்ணமாட்டன்."

ஜனனி நான் கேட்காமலே முதலாம் லைனைத் திறந்துவிட்டாள். வதனா அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கெவின், என்ர வீடு ஒரு அறைதானே ராசா."

"தெரியும் அம்மா. ஒவ்வொரு சண்டேயும் வாறன்தானே."

"சோபா சின்னன். உன்ர கால் வெளியில நிக்கும்."

"நான் லொறிக்கு அடியில படுத்தனான் அம்மா."

"எனக்குக் கேக்க வெக்கமா இருந்தது. நீ அமெரிக்காவில பெரிய வீட்டில இருந்தனி."

"கேளுங்கோ இப்ப."

வானொலியில் நாங்கள் அமைதியை விடுவதில்லை. ஐந்து விநாடி சத்தம் இல்லாவிட்டால் பொறுப்பாளர் அண்ணை படியேறி ஓடி வருவார். அன்றைக்கு அவர் கதவடியிலேயே நின்றார்.

"வாவன்," என்றாள் வதனா.

மிச்ச நேரத்தில் ஒருவரும் அமெரிக்க ஜனாதிபதிகளைப் பற்றிக் கேட்கவில்லை. எடுத்தவர்கள் எல்லாம் சோபாவின் நீளத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். பக்கத்து ஊரான டூரனில் இருந்து ஒருவர் தன்னிடம் இழுத்தால் கட்டிலாகிற ஒன்று நிற்கிறது, யாராவது வந்து தூக்கிக்கொண்டு போங்கோ என்றார். அரை மணித்தியாலம் ஒன்றேகால் மணித்தியாலமாகியது. விடுபட்ட பிறந்தநாள்காரர்களுக்கு அண்ணை அடுத்த நாள் தானே இருந்து பெயர் பெயராக வாசித்தார், குரல் அடைக்க அடைக்க.

அந்தத் தேர்தலில் யார் வென்றது என்பதை நான் இங்கே எழுதவில்லை. நீங்கள் மைக்குக்கு முன்னால் இருக்கும்போது அது உங்களுக்கும் தெரிந்திருக்காது. தலைவர்களைத் தாராளமாக விமர்சியுங்கள், பயப்பட வேண்டாம். அவர்களின் கோபத்தைச் சொல்லுங்கள், சிரிப்பைச் சொல்லுங்கள், பகிடியும் விடுங்கள். ஆனால் குணத்தைக் காதால் கேட்கலாம், போரைப் பற்றி அவர்கள் செய்ததை வாசிக்கத்தான் வேண்டும். நீங்கள் பகிடியாகச் சொன்னதை யாரோ ஒருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பிள்ளைக்குப் பதில் சொல்லுவார். பிழை விட்டால், விட்ட இடத்திலேயே, விட்ட குரலிலேயே திருத்துங்கள். ஜனனி ஒரு ஃபைல் தந்தால் அதன்மேல் கோப்பையை வைக்காதீர்கள்.

கெவின் வெள்ளிக்கிழமை கையெழுத்து வைக்கவில்லை. அவனுடைய ஒப்பந்தம் முடிந்த கிழமை, டூரனில் இருந்து சோபாவை ஒரு வான் வண்டியில் கொண்டுவந்தோம். அவனும் பொறுப்பாளர் அண்ணையும் வதனாவின் மூன்றாம் மாடி வீட்டுக்குத் தூக்கினார்கள். இரண்டாம் மாடி வளைவில் அது மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இறுகி நின்றுவிட்டது. அண்ணை எல்லாத் திசையிலும் கட்டளை போட்டார். கெவின் சட்டைப் பைக்குள் இருந்து திருகாணி கழற்றுகிற சாவி ஒன்றை எடுத்து, கால்கள் நான்கையும் கழற்றி, கைப்பிடியையும் கழற்றி, கதவுக்குள்ளால் சரித்து உள்ளே எடுத்தான்.

வதனா சோபாவின் நான்கு கால்களையும் கையில் வைத்துக்கொண்டு அறையைப் பார்த்தாள். இனி அங்கே நடக்க இடமில்லை.

"இதை இனி ஒருத்தராலையும் கீழ இறக்க ஏலாது, சொல்லிப்போட்டன்," என்றாள்.

"ஓம் அம்மா," என்றான் கெவின், கால்களை வாங்கிப் பூட்டத் தொடங்கினான்.